மலையேற்றப் பையில் உணவு: எடைக்கு எவ்வளவு ஆற்றல்?

பல நாள் மலையேற்றத்துக்குப் புறப்படுகிறவர் முதுகில் சுமக்கும் கூடாரம், படுக்கைப் பை, மழைச்சட்டை ஆகியவற்றின் எடை முதல் நாள் காலையிலும் கடைசி நாள் மாலையிலும் ஒன்றேதான். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவது உணவும், அதைச் சமைப்பதற்கான எரிபொருளும் மட்டுமே. பை முழு எடையுடன் இருப்பது முதல் நாள். பெரும்பாலான மலைப்பாதைகளில் ஏற்றம் தொடங்குவதும் அன்றுதான். எனவே உணவை யோசிக்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டவர் அதன் விலையை மூச்சு வாங்கும் அந்த ஏற்றத்திலேயே கொடுக்கிறார்.

ஒருநாள் நடைக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை காலையில் தொடங்கி மாலைக்குள் முடிந்துவிடுபவை. அதற்கு ஒரு பொட்டலம் புளியோதரையும் இரண்டு வாழைப்பழமும் போதும். இந்தக் கட்டுரை அதைவிட நீண்ட பயணத்தைப் பற்றியது. எடுத்துக்காட்டாக, உத்தராகண்டில் சாங்க்ரி என்னும் ஊரிலிருந்து தொடங்கி, சுமார் 3,566 மீட்டர் உயரத்திலுள்ள ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பும் நடையை எடுத்துக்கொள்வோம். முகவர்களையும் சமையற்காரர்களையும் நம்பாமல், தன் உணவைத் தானே சுமந்து ஐந்து நாள் நடக்கப்போகும் ஒருவர் என்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

இதற்கு விடை காணத் தெரிந்திருக்க வேண்டிய கருத்து ஒன்றே ஒன்று: ஒரு கிராம் உணவு எத்தனை கலோரி ஆற்றலைத் தருகிறது என்பது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 கலோரி தருகிறது. தண்ணீர் எதுவும் தருவதில்லை. (பொட்டலத்தில் 'கிலோ கலோரி' என்று அச்சிட்டிருப்பதைத்தான் பேச்சு வழக்கில் கலோரி என்கிறோம், இங்கும் அதே பொருள்தான்.) ஓர் உணவுப்பொருளின் ஆற்றலையும் எடையையும் ஒப்பிடும்போது வேறுபாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் அதிலுள்ள தண்ணீர்தான். 100 கிராம் பச்சரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. அதையே சோறாக வடித்து 100 கிராம் எடுத்தால் சுமார் 130 கலோரிதான் கிடைக்கும். அரிசியின் சத்து எங்கும் போய்விடவில்லை. சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீராகிவிட்டது, அவ்வளவுதான். ஆப்பிளில் 100 கிராமுக்கு சுமார் 50 கலோரி, வாழைப்பழத்தில் சுமார் 90, அதுவும் தோலைக் கழித்த பிறகு. வேர்க்கடலையிலோ 560க்கு மேல். நெய்யிலும் எண்ணெயிலும் ஏறக்குறைய 900.

இப்போது நம் ஐந்து நாள் பயணத்துக்குக் கணக்குப் போடலாம். 60 முதல் 65 கிலோ எடையுள்ள ஒருவர் பையைச் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் ஏறி இறங்கினால், அவருடைய உடல் 3,000 கலோரியோ அதற்கு மேலுமோ செலவிடும். கடைகளில் கிடைக்கும், அப்படியே சூடாக்கிச் சாப்பிடக்கூடிய பருப்பு, கிச்சடி வகைப் பொட்டலங்களில் பல கிராமுக்கு ஏறத்தாழ 1 கலோரிதான் தருகின்றன. அவற்றை மட்டும் நம்பினால் நாளுக்கு 3 கிலோ, ஐந்து நாளைக்கு 15 கிலோ. உலர்ந்த உணவாகத் தேர்ந்து, கிராமுக்கு 4 கலோரிக்கு மேல் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டால் நாளுக்கு 700 கிராம், ஐந்து நாளைக்கு மூன்றரைக் கிலோ. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பதினொன்றரைக் கிலோ முழுவதும் தண்ணீர் என்றே சொல்லிவிடலாம். ஹர் கி தூன் பாதையிலோ ஆறும் ஓடையும் கூடவே வருகின்றன. வழியெங்கும் கிடைக்கும் தண்ணீரை வீட்டிலிருந்து சுமந்து போவதில் பொருளில்லை.

சூடாக்கிச் சாப்பிடும் அந்தப் பொட்டலங்களைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. படைவீரர்களின் உணவுக்காக 1961ஆம் ஆண்டு மைசூரில் நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆய்வகம் போன்ற இடங்களில் வளர்ந்த தொழில்நுட்பம் அது. சமைத்த உணவைப் பல அடுக்கு உறையில் அடைத்து, அழுத்தத்தில் சூடேற்றிக் கிருமி நீக்குவதால் குளிர்பெட்டி இல்லாமலேயே மாதக்கணக்கில் கெடாது. வண்டியில் ஏற்றிச் செல்பவருக்கு அது அருமையான ஏற்பாடு. முதுகில் சுமப்பவருக்கு ஏற்றது வேறு வகை: நீர் நீக்கிய உணவு. வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் உப்புமாவாகவோ பொங்கலாகவோ மாறிவிடும் பொட்டலங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. கடைக்குப் போகும்போது இரண்டு வகையும் ஒரே அலமாரியில் இருக்கும், அட்டைப்படமும் ஒன்றுபோலவே இருக்கும். பின்பக்கத்தில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். அந்த எண் 350க்கு மேல் இருந்தால் அது உலர்ந்த உணவு. 100ஐ ஒட்டியிருந்தால் நீங்கள் தண்ணீர் வாங்குகிறீர்கள்.

உலர்ந்த உணவு என்றதும் வெளிநாட்டுப் பொட்டலங்களைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. அவல், பொட்டுக்கடலை மாவு, சத்துமாவு, கடலை மிட்டாய், பருப்புப் பொடி, வற்றல் என்று நம் அடுக்களையில் இருப்பவற்றில் பாதி, பயணத்துக்கென்றே செய்தவை போன்றவை. அவலை வேகவைக்கவே வேண்டாம், ஊறினால் போதும். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடும்போது அதன் நீர் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. மிச்சமிருக்கும் புளிப்பும் உப்பும் எண்ணெயும் கிருமிகளை வளரவிடுவதில்லை. ஒரு சிறு குப்பியில் அதை எடுத்துச் சென்றால், வெறும் சோறும் மூன்றாம் நாள் இரவில் இறங்கும். மீல் மேக்கர் எனப்படும் சோயா உருண்டையின் எடையில் ஏறத்தாழ பாதி புரதம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து எதில் வேண்டுமானாலும் போடலாம். நெத்திலிக் கருவாடும் எடைக்கு ஏற்ற புரதம்தான். ஆனால் அதன் மணம் கூடாரத்தில் உள்ளவர்களை மட்டுமல்லாமல் கரடியையும் எட்டும் என்பதால் மலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கடலை மிட்டாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்க்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த இந்த மிட்டாய் 100 கிராமுக்கு சுமார் 500 கலோரி தருகிறது. கொழுப்பு, புரதம், சர்க்கரை மூன்றும் அதில் இருக்கின்றன. சமைக்க வேண்டாம், தட்டு வேண்டாம், நடந்துகொண்டே தின்னலாம். மலையேறுபவர்களுக்கென்று விற்கப்படும் 'எனர்ஜி பார்' பலவும் செய்வது இதே வேலையைத்தான், பல மடங்கு விலைக்கு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயே ஆனாலும் சரி, தெருமுனைக் கடையில் வாங்கியதானாலும் சரி, காற்றுப் புகாமல் கட்டிக்கொண்டால் போதும். ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். சாக்லேட்டுக்கும் இதே சிறப்புகள் உண்டென்றாலும், சென்னையிலிருந்து டெல்லி வழியாக டேராடூன் போய்ச் சேர்வதற்குள் மே மாத வெயிலில் அது உருகி உருமாறிவிடும்.

கிராமுக்கு 9 கலோரி என்றால் நெய்யையே நிறைய எடுத்துச் செல்லலாமே என்று தோன்றலாம். இங்குதான் இந்தக் கணக்கின் எல்லை வருகிறது. ஏற்றத்தில் தசைகள் முதலில் கேட்பது சர்க்கரையை. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் வடிவில் உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். பல மணி நேரம் ஏறினால் அது தீர்ந்துபோய்க் கால்கள் திடீரென்று பின்னிக்கொள்ளும். உடலில் கொழுப்பு ஏராளமாக இருக்கும், ஆனால் அதை எரித்து ஆற்றல் பெறுவது மெதுவாகவே நடக்கும். மேலும் 3,000 மீட்டரைத் தாண்டும்போது பலருக்குப் பசி மந்தமாகி, எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்டாலே குமட்டும். ஆகவே பகலில் நடக்கும்போது மணிக்கொரு தரம் இனிப்பும் மாவுச்சத்தும் உள்ள சிறு தீனி, இரவில் கூடாரத்துக்கு வந்தபின் நெய் சேர்த்த சூடான உணவு என்று பிரித்துக்கொள்வது நல்லது. கொழுப்பாக எதை எடுப்பது என்பதிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கிவிடும். குறுகிய வாய்ப் புட்டியில் எடுத்துச் சென்றால் மலைக்குளிரில் ஒரு சொட்டும் வெளியே வராது. நல்லெண்ணெய் உறைவதில்லை. நெய் உறையும், ஆனால் அகன்ற வாயுள்ள குப்பியிலிருந்து கரண்டியால் தோண்டிக்கொள்ளலாம்.

ஒரு நாளைய உணவை எடை போட்டுப் பார்த்தால் இவையெல்லாம் தெளிவாகும். காலையில் 100 கிராம் அவலில் 15 கிராம் நெய்யும் 20 கிராம் வேர்க்கடலையும் சேர்ந்த உப்புமா, சுமார் 600 கலோரி. காலையும் மாலையும் பால்பொடியும் சர்க்கரையும் கலந்த தேநீர், இரண்டுக்கும் சேர்த்து 70 கிராம், சுமார் 320 கலோரி. வழியில் கொறிக்க 100 கிராம் கடலை மிட்டாயும் 60 கிராம் முந்திரி, உலர் திராட்சைக் கலவையும், சுமார் 750 கலோரி. நண்பகலில் அடுப்பு மூட்டாமல், 80 கிராம் பொட்டுக்கடலை மாவில் 30 கிராம் வெல்லத்தூளும் தண்ணீரும் விட்டுப் பிசைந்த உருண்டை, சுமார் 400 கலோரி. இரவில் 100 கிராம் அரிசி, 40 கிராம் பாசிப்பருப்பு, 20 கிராம் நெய் சேர்ந்த பொங்கல், சுமார் 670 கலோரி. கூட்டினால் 635 கிராமில் 2,700 கலோரிக்கு மேல் வருகிறது. உடல் செலவிடும் 3,000ஐ இது முழுமையாக எட்டவில்லை. எட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு ஐந்து நாள் பயணத்தில் நாளுக்கு முந்நூறு நானூறு கலோரி குறைவதால் தீங்கில்லை. உடலின் கொழுப்பு அதை ஈடுகட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் நீளும் பயணம் என்றால் கணக்கு வேறு. நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பை நம்பும் இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன பொங்கலில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி என்ற அளவில் தண்ணீரின் கொதிநிலை குறைகிறது. ஹர் கி தூனில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும், திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. துவரம்பருப்பு அந்தச் சூட்டில் எளிதில் மசியாது. அதனால்தான் பாசிப்பருப்பு. அதையும் அரிசியையும் வீட்டிலேயே வறுத்து, ரவையாக உடைத்து எடுத்துச் சென்றால் மிக விரைவில் வெந்துவிடும். அரை மணி நேரம் ஊறவைத்து, சில நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் மூடிய பாத்திரத்தைத் தடித்த துணியில் சுற்றி வைப்பது எரிபொருளை மிச்சப்படுத்தும். மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து போவதானால் 3 லிட்டர் குக்கர் ஒன்றைச் சுமப்பதும் தகும். தனி ஆளுக்கு அது வீண் சுமை.

எரிபொருளையும் உணவின் எடையாகவே கருத வேண்டும். சிறு கேஸ் அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 10 முதல் 15 கிராம் வரை எரிவாயு செலவாகும். குளிரிலும் காற்றிலும் அது கூடும். நம் பட்டியலின்படி நாளுக்கு 30 முதல் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், 230 கிராம் எரிவாயு கொண்ட ஒரு குப்பி ஐந்து நாளைக்குத் தாங்கும். அதை ஊரிலிருந்து கொண்டுபோக முடியாது. விமானத்தில் எரிவாயுக் குப்பிக்கு அனுமதி கிடையாது. ரயிலிலும் அது குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், சட்டவிரோதமாக ஏற்றி வரப்பட்ட எரிவாயு உருளையால் மூண்ட தீயில் 9 பேர் உயிரிழந்ததை இங்கே நினைவில் கொள்ளலாம். மலையடிவாரத்துக்குப் போகும் முன் டேராடூனிலேயே வாங்கிக்கொள்வதுதான் முறை. குப்பி கிடைக்காமல் போனாலும் பட்டினி கிடக்காதபடி, பட்டியலில் பாதியாவது அடுப்பில்லாமல் உண்ணக்கூடியதாக இருக்கட்டும்.

உலர்ந்த உணவே சிறந்தது என்ற விதி, தண்ணீர் கிடைக்கும் வழிக்கு மட்டுமே பொருந்தும். இலங்கையின் கிழக்குக் கரையில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளின் ஊடே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள், காட்டுக்குள் நடக்கும் நாள்களுக்கான அரிசியையும் பருப்பையும் சுமந்து செல்வது வழக்கம். கதிர்காம விழாவை ஒட்டிய அந்த ஜூலை மாதம் அங்கே வறட்சிக் காலம். நீர்நிலைகளுக்கு இடையிலுள்ள தொலைவு முழுவதும் தண்ணீரைச் சுமந்தாக வேண்டும். 100 கிராம் அரிசியை வேகவைக்கக் கால் லிட்டர் தண்ணீராவது தேவை என்பதால், தண்ணீரில்லாத இடத்தில் சமைக்க நினைப்பவர் உலர்த்தி மிச்சப்படுத்திய எடையைக் குடத்தில் திரும்பச் சுமக்கிறார். அத்தகைய வழியில் பேரீச்சை, கடலை, வெல்லம் போன்று அப்படியே உண்ணக்கூடியவையே கைகொடுக்கும். ஓர் ஆரஞ்சுப் பழம்கூட அங்கே வீண் சுமை ஆகாது.

எடை ஒருபுறமிருக்க, இடத்தையும் பார்க்க வேண்டும். பொரியின் ஆற்றல் எடைக்கு எடை அரிசியை ஒட்டியதுதான், ஆனால் அரைக் கிலோ பொரியைப் பையில் திணித்தால் படுக்கைப் பைக்கு இடமிருக்காது. நொறுங்கிப் போவதும் உண்டு: அப்பளம், பிஸ்கட், முறுக்கு மூன்றும் இரண்டாம் நாளுக்குள் தூளாகிவிடும். வீட்டில் சமைத்துக் கட்டிய உணவில் இட்லியும் சப்பாத்தியும் ரயில் பயணத்தோடு முடிந்துவிட வேண்டும். புளியோதரை இன்னும் சற்றுத் தாங்கும். ஆனால் வடித்த சோறு எதுவானாலும், சில பாக்டீரியாக்களின் வித்துகள் சமைத்த பிறகும் அதில் தங்கியிருந்து, வெதுவெதுப்பான இடத்தில் நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மீண்டும் சூடுபடுத்தினாலும் போகாது. சாலையிலிருந்து இரண்டு நாள் தொலைவில் வாந்தியும் பேதியும் வந்தால் இறங்கி வருவதே பெரும்பாடு. அதற்காகவும், வியர்வையில் போகும் உப்புக்காகவும், ஒரு லிட்டர் நீரில் கலக்கும் 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

வாங்கியவற்றை அட்டைப்பெட்டியோடு அடுக்கக் கூடாது. வீட்டிலேயே பிரித்து, ஒரு வேளைக்கு ஒரு ஜிப் பை என்று கட்டி, '200 மில்லி வெந்நீர், 5 நிமிடம்' என்பது போல அதன்மேல் எழுதிவிட வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு தலைவிளக்கு வெளிச்சத்தில் சமைக்கும்போது நினைவிலிருந்து எதுவும் வராது. ஒரு நாளைக்குரிய வேளைப் பைகளை ஒரே பெரிய பையில் போட்டு, மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று குறித்தால் முதல் நாளே முந்திரியெல்லாம் தீர்ந்துபோகாது. இவற்றோடு, மண்சரிவோ மழையோ தடுத்து ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் பயன்படுவதற்காக அரைக் கிலோ அவலும் வெல்லமும் தனியே இருக்க வேண்டும். மிகவும் ருசியானதை இதற்கு வைக்காதீர்கள். தேவை வருவதற்கு முன்பே தீர்ந்துவிடும். கங்காட், ஓஸ்லா போன்ற வழியோரக் கிராமங்களில் வீட்டுத் தங்கலும் ரொட்டி, பருப்பும் கிடைப்பதுண்டு. அங்கே ஒரு வேளை உண்டால் ஊர்க்காரர்களுக்கும் வருமானம், நம் பையும் குறையும். ஆனால் அதை நம்பி மூட்டையைச் சுருக்குவது விவேகமல்ல.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, பட்டியலிலுள்ள இரவு உணவை வீட்டு மொட்டை மாடியில் அதே அடுப்பில், அதே பாத்திரத்தில் சமைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தண்ணீர் அளவும் உப்பும் அப்போதே சரியாகிவிடும். புதுப் பொட்டலம் ஏதாவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். மலையில் இரவு தங்கும்போது மீந்த உணவைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், இறுகக் கட்டி, சற்றுத் தள்ளி எலியும் கரடியும் எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். காலியான உறைகளை எரிக்கவோ கல்லிடுக்கில் செருகவோ கூடாது. அவற்றுக்கென ஒரு தடித்த பையைத் தனியே எடுத்துச் சென்று, எல்லாவற்றையும் சாங்க்ரிக்கே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.